டிப்ளமோ என்றால் பாலிடெக்னிக் இல்லை

2009

மே 24, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டுத் தகரத்தின் மேல். நான்தான் மாடி ஏறி எட்டி எடுத்தேன். யூசுப் அண்ணன் மாடிக்கு வருவதில்லை. ஹாஸ்டலிலிருந்து திரும்பி வந்த நாளாக அப்படித்தான்.

இந்த டைரி அத்தா கடைக்கு மோட்டார் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. முதல் பக்கத்தில் பம்புசெட் படம். ஜனவரியிலிருந்து எல்லாப் பக்கமும் காலி. எனக்காச்சு.

ரிசல்ட் வந்ததிலிருந்து வீட்டில் ஆள் கூட்டம். பத்தாவதில் பள்ளிக்கூடத்தில் முதல். கடைக்கு வால்வு வாங்க வந்தவருக்கும் லட்டு, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவருக்கும் லட்டு. மகள் டாக்டர் என்று அத்தா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அண்ணனும் பத்தாவதில் முதல்தான். அப்போதும் லட்டு. அப்புறம் வெளி மாவட்டத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். பிளஸ் டூ மார்க்குக்குப் பேர்போன இடம். போன வருடம் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டியோடு வந்து நின்றான். பரீட்சை எழுதவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் வெளியே போவான். மற்றபடி உள் அறை. யார் கேட்டாலும் அத்தாவிடம் ஒரே பதில்: "படிப்பு ஏறல அவனுக்கு."

லட்டை வாங்கிக்கொண்டு, "சந்தோசம் பாத்து" என்று என் செல்லப் பெயரைச் சொன்னான். இந்த வாரத்தில் அவன் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

மே 26, செவ்வாய்

வெயில். பல்வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

கிரேஸ் மிஸ் வரச் சொல்லியிருந்தார். எங்கள் இங்கிலீஷ் மிஸ். மார்ச்சில் என்னை ஒரு தேர்வு எழுத வைத்தவர். பெரியகுளம் தாண்டி மலை ஏறினால் ஒரு பள்ளிக்கூடம், வெளிநாட்டுப் பாடத்திட்டம். வருடத்துக்கு ஒரு பிள்ளையைக் கீழேயிருந்து கட்டணமில்லாமல் எடுக்கிறார்கள். தேர்வில் தேறிவிட்டேன். அடுத்தது நேர்முகம், 3ஆம் தேதி. வீட்டில் தேர்வு எழுதியதே தெரியாது. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

மிஸ் சொன்னதில்:

– ரெண்டு வருடம். பிளஸ் டூவுக்குப் பதில். பெயர் டிப்ளமோ.
– ஆறு பாடம், நாமே எடுக்கலாம். கெமிஸ்ட்ரியோடு சரித்திரமும் எடுக்கலாமாம்.
– ஒரு நீளக் கட்டுரை. தலைப்பு நம்முடையது. எந்த கைடிலும் பதில் கிடையாது.
– நமக்குத் தெரிந்தது நமக்கு எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு தனி வகுப்பு. சிரித்துவிட்டேன். மிஸ் சிரிக்கவில்லை.
– கஷ்டம். ரொம்பக் கஷ்டம்.
– இங்கே மெடிக்கல் சீட்டுக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. அந்தப் பள்ளி மார்க்கை வைத்து இங்கே டாக்டராவது நடக்காது என்றே நினைத்துக்கொள் என்றார். ஒளிக்கவில்லை.

அத்தாவுக்குக் கடைசி வரி மட்டும்தான் கேட்கும்.

ஆனால் அந்த மார்ச் தேர்வு. ஊரில் எல்லோரும் செய்யும் ஒன்றை ஏன் செய்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று ஒரு கேள்வி. திராட்சைத் தோட்டத்தில் மழை வந்த மறுநாளே மருந்தடிப்பதைப் பற்றி எழுதினேன். பக்கம் பக்கமாக. மனப்பாடம் செய்யாத ஒன்றை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. மணி அடித்தும் பேனாவை வைக்க மனமில்லை.

மே 28, வியாழன்

சொல்லிவிட்டேன். சோறு சாப்பிடும்போது.

அத்தா ரசத்தை ஊற்றிக்கொண்டார். அப்புறம், "டிப்ளமோன்னா பாலிடெக்னிக்தானே. ஸ்கூல் பர்ஸ்ட்டு எதுக்கு பாலிடெக்னிக் போகணும்?" விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே பாலிடெக்னிக் மாதிரி கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து மோர் வாங்க வந்தவர் காதில் விழுந்து, சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் நான் பாலிடெக்னிக் போகிறேன்.

அம்மா வேறு. எந்தப் படிப்பு என்றே கேட்கவில்லை. ஹாஸ்டலா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இன்னொன்று. அண்ணன் படித்த ஹாஸ்டல் பள்ளியிலிருந்து அத்தாவுக்குப் போன். என் மார்க்கைப் பார்த்தார்களாம். இலவசமாகவே எடுத்துக்கொள்கிறார்களாம். ஆள் நேரில் வருகிறாராம். அத்தா போனில் அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணனை வீட்டுக்கு அனுப்பிய இடம் என்னைக் கூப்பிடுகிறது என்பதில் அவருக்கு ஏதோ நிம்மதி. இடத்தில் தப்பில்லை, பையனிடம்தான் தப்பு என்று ஆகிவிடுகிறதே.

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அண்ணனுக்குக் கேட்டிருக்குமா தெரியாது.

ஜூன் 1, திங்கள்

ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் பாலத்தில். அம்மா பிள்ளையாயிருந்த காலத்தில் ஆற்றில் நீந்தியவள். இப்போது ஆறு என்றாலே அண்ணன் எங்கே என்று பார்க்கிறாள்.

நேர்முகத்துக்குப் போக அத்தா சம்மதம். போய்த்தான் வரட்டுமே, டீச்சர் மனசு நோகவேண்டாம் என்று. மனதுக்குள் மற்ற இடம் முடிவாகிவிட்டது அவருக்கு.

ஜூன் 3, புதன்

கிரேஸ் மிஸ்ஸோடு முதல் பஸ். தேனியில் மாறி, பெரியகுளம், அப்புறம் மலை. வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி. மிஸ் எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்.

மேலே குளிர், மூடுபனி. ஸ்வெட்டர் இல்லை என்னிடம்.

இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா, ஒரு வயதான மலையாளி சார். மார்க் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் வீட்டில் எல்லோரும் நம்புகிற, நீ மட்டும் சந்தேகப்படுகிற ஒன்றைச் சொல் என்றார்கள். யோசித்து வைத்திருந்ததெல்லாம் போச்சு. என் அண்ணனுக்குப் படிப்பு வரவில்லை என்பதை என்று சொன்னேன். எப்படிச் சந்தேகப்படுகிறாய், என்ன ஆதாரம் என்றார் சார். சின்ன வயதில் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது அவன்தான், அவன் சொன்னால் புரியும், அப்படிப்பட்டவனுக்கு ஒரே வருடத்தில் எப்படி வராமல் போகும் என்றேன். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அவனைக் கேட்டாயா என்றார்.

இல்லை. ஒன்றேகால் வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. "ஏன் பரீட்சை எழுதலை" என்று கத்தினோம். அது கேட்பது ஆகாது.

கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

சுற்றிக் காட்ட ஒரு பெண். கட்டப்பனைப் பக்கம், இரண்டாம் வருடம். கண்ணுக்குக் கீழே கருப்பு. படிப்பு எப்படி என்றதற்கு மலையாளத்திலேயே சொன்னாள்: "ஆத்யம் கொறே கரையும்." முதலில் நிறைய அழுவாய். அப்புறம் என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நூலகத்தில் தூங்கிவிழும் பையன்களைக் காட்டினாள். இங்கேயும் சுலபமில்லை. அது தெரிந்தே எழுதுகிறேன்.

இறங்கும்போது வடுகபட்டிப் பக்கம் பூண்டு வாசனை பஸ்ஸுக்குள்ளே வந்தது. மறுபடியும் வாந்தி.

கிடைக்காது.

ஜூன் 5, வெள்ளி

கிடைத்துவிட்டது. மிஸ்ஸுக்குப் போன் வந்ததாம். ஜூலை 27 சேர வேண்டும்.

அத்தா, "நாளைக்கு அந்த சார் வராக. ரெண்டையும் வச்சுப் பாப்போம்" என்றார். ரெண்டையும் வைத்துப் பார்க்கிற முகமாக இல்லை.

அம்மா புதுத் திரைச்சீலை மாட்டுகிறாள். யாருக்காக என்று கேட்டேன். யாராவது வந்தால் வீடு வீடாக இருக்கவேண்டாமா என்றாள்.

அண்ணன் அறைக்குப் போனேன். கேட்கத்தான் போனேன். படுத்திருந்தான். விழித்துக்கொண்டுதான் இருந்தான். கேட்காமலே வந்துவிட்டேன்.

ஜூன் 6, சனி

வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, பேச்சில் சொல்லுக்குச் சொல் 'ங்க'. அம்மா டீயும் சமோசாவும் வைத்தாள். பாப்பா இனி எங்க பொறுப்புங்க, மெடிக்கல் சீட்டு எங்க பொறுப்புங்க. போட்டோக்கள் காட்டினார். மாலை போட்ட பிள்ளைகள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

அத்தா அண்ணனைப் பற்றி இழுத்தார். அவர் கையை அசைத்து, சில பிள்ளைகளுக்குத் தாங்காதுங்க, பாப்பா அப்படி இல்லீங்க என்றார். அத்தா தலையாட்டினார். உள் அறைக் கதவு அரை அடி திறந்திருந்தது.

மலைப் பள்ளியைப் பற்றி அத்தா ஒப்புக்குக் கேட்டார். அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகள் பொழுதுபோக்குக்குப் படிக்கிறதுங்க, கவுன்சிலிங்கில் அந்தக் காகிதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாங்க என்றார். அதில் பாதி உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கிளம்பும்போது தானாகச் சொன்னார். திங்கட்கிழமை வருசநாடு போகிறாராம். அங்கே சித்ரா என்று ஒரு பெண், நல்ல மார்க். அவள் அண்ணன் அழகர் இவர்கள் பள்ளியில்தான் படித்தானாம். துணி காயப்போட மாடிக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இறந்துபோனானாம். பாவம்ங்க, அதனால தங்கச்சியை நாங்களே எடுத்துக்கிறோம்ங்க.

அழகர். அண்ணனின் ரூம் மேட். முதல் வருடம் லீவுக்கு வந்தபோது அண்ணன் வாயில் அந்தப் பெயர்தான் சதா. இறந்துபோனான் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அத்தா வாக்குக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை கொண்டுவந்து விடுவதாக. என்னை யாரும் கேட்கவில்லை.

அவர் போனபிறகு அண்ணன் வெளியே வந்தான். "அந்தாளு வருசநாட்டுக்கு என்னைக்குப் போறாரு?" திங்கள் என்றேன். சரி என்று திரும்பிப் போய்விட்டான். அழகரைப் பற்றிக் கேட்க வாய் எடுத்தேன். கதவைச் சாத்திவிட்டான்.

ஜூன் 8, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஞாயிறு காலை அண்ணன் படுக்கை காலி. பள்ளிவாசலில் இல்லை. அம்மா செருப்பில்லாமல் ஆற்றுக்கு ஓடினாள். பாலத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து, வருசநாட்டுக்குத்தான் போயிருப்பான் என்றேன். எப்படித் தெரியும் என்றாள். தெரியும்.

அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அத்தாவும் நானும் தேனி பஸ். தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு வழியாக வருசநாடு. அத்தா வழியெல்லாம், எதுக்கு அங்கே போகணும் அவன், எதுக்கு, என்று ஜன்னலிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஊரில் அழகர் வீடு என்றதும் காட்டினார்கள். இலவமரங்கள், பக்கத்தில் ஆட்டுப்பட்டி. வாசலில் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான். எதிரே அழகரின் அப்பா நின்றுகொண்டு. அழகரின் அம்மா படியில். கதவோரம் ஒரு பெண், என் வயசு. சித்ரா.

நாங்கள் போனபோது பாதி சொல்லியிருந்தான். மீதியை எங்கள் முன்னால் சொன்னான். எங்களைப் பார்க்கவே இல்லை.

வாரா வாரம் டெஸ்ட். மார்க்கை மைக்கில் வாசிப்பார்கள். கடைசிப் பத்துப் பேர் மொட்டை மாடியில் வெயிலில் நிற்க வேண்டும். அழகர் முதலில் நன்றாகப் படித்தவன். காய்ச்சல் வந்து பின்தங்கிப்போனான். அப்புறம் மாடிதான். வீட்டுக்குப் போன் பேசணும் என்று ஆபீசில் கேட்டான். பரீட்சை முடியட்டும் என்றார்கள். மறுபடி கேட்டான். இறந்த அன்றைக்குக் காலையிலும் கேட்டுவிட்டுத்தான் மாடிக்கு வந்தான். அண்ணனும் அன்றைக்கு அங்கே நின்றிருக்கிறான்.

"வழுக்கி விழல ஐயா. அவனாத்தான் போனான். நான் பக்கத்துல நின்னேன். துணியெல்லாம் ஒண்ணும் இல்ல." அப்புறம் சித்ராவைக் காட்டி, "நாளைக்கு அந்தாளு வருவாரு. இவளை அனுப்பாதீக."

யாரும் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அழகரின் அப்பா தணிந்த குரலில் சொன்னார். "ஏம்ப்பா வந்து சொன்ன? வழுக்கி விழுந்தான்னு நெனச்சுத்தான் இத்தனை நாளா சோறு தின்னோம்."

அந்த அம்மா மட்டும் படியிலிருந்து கேட்டார். "யார்கிட்ட பேசணும்னு கேட்டான்?"

அண்ணன், "உங்ககிட்ட" என்றான்.

அத்தா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். புது வேட்டி, ஆட்டுப்புழுக்கை. ஒன்றும் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட். கடமலைக்குண்டு தாண்டி அத்தா கேட்டார், நீ போன் கேட்டியா என்று. அண்ணன், "கேக்கல அத்தா. கேட்டா நீங்க என்ன சொல்லுவீகன்னு தெரியும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போல.

வீட்டு வாசலில் அத்தா அண்ணன் தோளில் கை வைத்தார். அண்ணன் நகரவில்லை. கையையும் பிடிக்கவில்லை.

ஜூன் 10, புதன்

நான் ஹாஸ்டலில் சேர்ந்திருக்கவேண்டிய நாள். கடை இரண்டாம் நாளாகப் பூட்டு.

அந்த ஆள் போன் செய்தார். அத்தா, எம் மக வரமாட்டா என்றார். பிறகு அழகரைப் பற்றிக் கேட்டார். அந்தப் பக்கம் குரல் மாறியது இங்கே வரை கேட்டது. உங்க பையனுக்கு மனசு சரியில்லீங்க, அது ஊருக்கே தெரியும்ங்க, அவன் சொல்றதை யார் நம்புவாங்க. அத்தா போனை வைத்தார். பையனிடம்தான் தப்பு என்று ஒன்றேகால் வருடமாக அவரே ஊருக்குச் சொல்லி வைத்ததுதானே.

அம்மாவுக்கு இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறோம். மீதி அவளுக்கே தெரிகிறது.

ஜூன் 15, திங்கள்

அத்தா வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். பெற்றவர்கள் புகார் கொடுக்கவேண்டும் என்கிறார் வக்கீல். வருசநாட்டுக்குப் போனார் அத்தா. அழகரின் அப்பா மாட்டேன் என்றுவிட்டாராம். எரிச்சாச்சு, காகிதமும் முடிஞ்சாச்சு, இனி தோண்டினா என்ன வரும் என்றாராம். கிரேஸ் மிஸ் சொல்லி கலெக்டர் ஆபீசில் ஒரு மனு. முத்திரை போட்டு நகல் கொடுத்தார்கள்.

அந்தப் பள்ளியின் விளம்பரம் இன்றைக்கும் பேப்பரில். முழுப் பக்கம். அத்தா அதைச் சுருட்டி அடுப்பில் வைத்தார்.

ஜூன் 18, வியாழன்

அண்ணனை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். மாத்திரை. வந்ததிலிருந்து தூக்கம்தான். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். டாக்டர், முன்னாடியே கூட்டிவந்திருக்கலாம் என்றாராம். அம்மா அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

என் விஷயம் முடிந்துவிட்டது. உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் பதினொன்று. அம்மா முடிவு. மலைப் பள்ளி வேறு மாதிரி, அங்கே அடிப்பதில்லை, நிற்கவைப்பதில்லை என்றேன். "அங்கனயும் இப்படிச் சொல்லித்தான் சேத்தாக" என்றாள்.

அத்தாவைக் கேட்டேன். உங்க அம்மாவைக் கேளு என்றார். இத்தனை வருடத்தில் இந்தப் பதில் அவரிடம் கேட்டதில்லை. இப்போது கேட்டு என்ன.

ஜூன் 24, புதன்

பள்ளிக்கூடம். பயாலஜி குரூப். ஒரு பெஞ்சில் ஆறு பேர். பயாலஜி மிஸ் முதல் நாளே ப்ளூ பிரிண்ட் போட்டார், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் கேள்வி என்று. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும்.

மலைப் பள்ளிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடவா என்று கிரேஸ் மிஸ் கேட்டார். ஜூலை நடு வரை பொறுக்கச் சொன்னேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் பார்க்கிறேன். போகணும். பயமாகவும் இருக்கிறது. அந்தக் கட்டப்பனைப் பெண்ணின் கண். அங்கே நான் கடைசிப் பத்துப் பேரில் ஒருத்தியாகலாம். இங்கே முதல். அங்கே போய்த் தாங்காமல் திரும்பினால் அம்மா என்ன ஆவாள். போகாமல் இங்கேயே இருந்தால் அண்ணனை வைத்து என்னைக் கட்டிப்போட்டதாக நானே ஒருநாள் நினைப்பேன். அவன் மேல் அந்தக் கோபம் வரும். அது வரக்கூடாது.

ஜூன் 28, ஞாயிறு

கிரேஸ் மிஸ்ஸோடு வருசநாடு. சித்ராவை எங்காவது பதினொன்றில் சேர்த்துவிடலாம் என்று மிஸ் பேசப் போனார். கடமலைக்குண்டிலேயே அரசுப் பள்ளி இருக்கிறது, போய் வரலாம். அவள் அப்பா மறுத்துவிட்டார். படிச்சது போதும் ஆத்தா என்று மகளைப் பார்த்துச் சொன்னார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

சித்ரா என்னை ஆட்டுப்பட்டிப் பக்கம் கூட்டிப்போனாள். உங்க அண்ணன் எப்படி இருக்காக என்றாள். மாத்திரை சாப்பிடுகிறான் என்றேன். கொஞ்ச நேரம் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு:

"அவுக வராம இருந்திருந்தா நான் அங்க போயிருப்பேன். போயி என்ன ஆயிருப்பேன்னு தெரியாது. இப்ப என்ன ஆவேன்னு தெரியும்."

அவள் மார்க் என்னைவிட இரண்டுதான் குறைவு.

நான் மலைப் பள்ளியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு இடம்தான். அதை நான் வேண்டாம் என்றால் அவளுக்குப் போகாது, தேர்வு எழுதியவர்களில் அடுத்த ஆளுக்குப் போகும். மிஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

மிஸ் ஒவ்வொரு ஞாயிறும் போகப்போகிறாராம். போகட்டும்.

ஜூலை 5, ஞாயிறு

சாரல். மேகமலை தெரியவில்லை.

அண்ணன் கொஞ்சம் பேசுகிறான். நேற்று என் கணக்கு நோட்டைப் புரட்டி ஒரு தப்பைக் காட்டினான். இன்று அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தான். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

பாத்து எங்கே படிக்கணும்னு அவளைக் கேட்டீகளா என்றான். அம்மா, நீ பேசாத, உன்னை விட்டதே போதும் என்றாள். நான் போன இடத்துக்கு அவளை விடமாட்டேன், குறுக்கே படுப்பேன் என்றான். அப்ப மலைக்கு என்றாள் அம்மா. அது தெரியாது என்றான். "போயிப் பாக்கணும்ல அம்மா. என்னை விட்ட அன்னைக்கு யாரும் உள்ள வந்து பாக்கல. ஆபீசோட திரும்பிட்டீக."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்தாள்.

ஜூலை 12, ஞாயிறு

முடிவு, அம்மா வாயால்: சேரும் நாளில் அவளும் அண்ணனும் வருவார்கள். உள்ளே போய்ப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் அதே பஸ்ஸில் என்னைத் திருப்பிக் கூட்டிவருவாள். பேச்சு கிடையாது.

அத்தா ஸ்வெட்டர் வாங்கி வந்திருக்கிறார். அளவு பெரிது. மாற்றிக்கொடுக்கவா என்றார். வேண்டாம் என்றேன்.

இனி நான் டாக்டர் இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 27, திங்கள்

மலை. மழை. இந்தப் பக்கம் ஈரமாகிவிட்டது.

அம்மாவுக்கும் வாந்தி. மழையில் நனைந்த புர்காவோடு ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். படுக்கை, குளியலறை, சாப்பாட்டுக்கூடம். அண்ணன் வகுப்பறைகளுக்குப் போனான். சுவர் சுவராக மார்க் பட்டியல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்ததாகப் பிறகு சொன்னான். இல்லையாம்.

வார்டன் வடகிழக்கு மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது. அம்மா கேட்பதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியதாயிற்று. என் பிள்ளை வீட்டுக்குப் போன் பேசணும்னு கேட்டா விடுவாகளா. சொன்னேன். விடுவோம் என்றார். பரீட்சை நேரத்துல? விடுவோம். மார்க் குறைஞ்சிருந்தா? வார்டன் என் முகத்தைப் பார்த்தார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார். அம்மாவிடம் விடுவார்களாம் என்று மட்டும் சொன்னேன். மறுபடி கேளு என்றாள். மறுபடி கேட்டேன். வார்டன் கோபப்படவில்லை. மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய்ப் போனைக் காட்டினார். அம்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்.

கிளம்பும் நேரம். அண்ணன் வாசலுக்குப் போய்விட்டான். அம்மா என்னைத் தனியாக நிறுத்தினாள்.

"இவுக விடுவாக. நம்புறேன். வருசநாட்டுப் பையன் கேட்டான், விடல. எம் பிள்ளை கேக்கவே இல்ல. நீ கேப்பியா?"

கேட்பேன் என்றேன்.

"என்னன்னாலும்?"

என்னன்னாலும்.

முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். பஸ் வளைவில் மறையும் வரை நின்றேன்.

அறையில் இன்னொரு பெண், இரானியப் பெயர், சரியாகக் காதில் விழவில்லை. நாளை ஆறு பாடங்களையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சரித்திரம் எடுப்பேன். சாப்பாட்டில் எல்லோரும் வேகமாக இங்கிலீஷ் பேசினார்கள். ஒரு பையன் என்னிடம் ஏதோ கேட்டான், மூன்று தடவை. மூன்றாவது தடவையும் புரியவில்லை. அவன் திரும்பிக்கொண்டான்.

சாப்பிட்டு வரும்போது போன் பக்கம் யாரும் இல்லை. அம்மாவும் அண்ணனும் இன்னும் பஸ்ஸில்தான் இருப்பார்கள். வீட்டில் அத்தா மட்டும். அடித்தால் எடுப்பார். இப்போதெல்லாம் முதல் மணிக்கே எடுக்கிறார்.

எண்களை அழுத்தினேன், கடைசி எண்ணைத் தவிர.

முதல் நாளே அடித்தால் என்ன நினைப்பார் என்று வைத்துவிட்டேன்.